மார்ட்டின்ஸ்வில்லில் ஒரு ஞாயிற்றுக்கிழமை: நேரில் ஸ்டாக் கார் பந்தயம் பார்த்தது பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

2022 அக்டோபர் 30, தீபாவளி முடிந்த அடுத்த ஞாயிறு. நாமக்கல்லில் இருந்து வந்திருந்த என் மாமனாரைக் கூட்டிக்கொண்டு வர்ஜீனியாவில் உள்ள மார்ட்டின்ஸ்வில் மைதானத்துக்கு நாஸ்கார் (அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தய அமைப்பு) பந்தயம் பார்க்கப் போனேன். அன்றைய கடைசிச் சுற்றில் ராஸ் சாஸ்டெயின் என்ற ஓட்டுநர் காரைச் சுவரில் உரசவிட்டுக்கொண்டே ஐந்து பேரை முந்தினார். பந்தயம் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் போனுக்கும் அந்த வீடியோ வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து ஆபீஸ் நண்பர்கள், தமிழ்ச் சங்கத்துக்காரர்கள், ஊரில் இருக்கும் சித்தப்பா என்று ஆளாளுக்கு ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்டாக் கார் என்றால் என்ன? ஃபார்முலா ஒன் மாதிரியா?

இல்லை. ஃபார்முலா ஒன் காரைப் பார்த்தவுடனே அது ரோட்டில் ஓடுகிற சாதி இல்லை என்று தெரிந்துவிடும். ஸ்டாக் கார் நம் பக்கத்து வீட்டு வாசலில் நிற்கும் கார் மாதிரி இருக்கும். கடையில் ஸ்டாக்கில் இருக்கும் காரை அப்படியே ஓட்டுவது என்பதுதான் பெயரின் பொருள். 1949-இல் நாஸ்கார் தன் முதன்மைத் தொடரைத் தொடங்கியபோது விதியும் அப்படித்தான் இருந்தது.

இப்போது பெயர் மட்டும்தான் மிச்சம். 2022-இல் அறிமுகமான புதிய கார் வெளியே செவர்லே கமாரோ, ஃபோர்டு மஸ்டாங், டொயோட்டா கேம்ரி என்று மூன்று முகங்களில் வந்தது. உள்ளே எல்லாம் ஒரே மாதிரியான இரும்புக் குழாய்ச் சட்டம், ஏறத்தாழ 5.9 லிட்டர் வி8 எஞ்சின், 670 குதிரைத்திறன், ஒன்றரை டன் எடை. கதவு திறக்காது, ஓட்டுநர் ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். ஹெட்லைட் இருக்கும் இடத்தில் இருப்பது ஸ்டிக்கர். இதைச் சொன்னபோது மாமா நம்பவில்லை. "ஸ்டிக்கருங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். மைதானத்துக்கு வெளியே காட்சிக்கு நிறுத்தியிருந்த ஒரு காரில் விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் சமாதானம் ஆனார்.

கள்ளச்சாராயம் கடத்தியவர்கள் ஆரம்பித்த விளையாட்டு என்கிறார்களே?

கொஞ்சம் உண்மை, கொஞ்சம் பின்னாளில் ஏற்றிய மெருகு. அப்பலாச்சிய மலைப்பக்கங்களில் ராத்திரியில் சாராயம் ஏற்றிக்கொண்டு போலீஸிடம் சிக்காமல் ஓட்டியவர்கள் பகலில் யார் வண்டி வேகம் என்று பார்த்துக்கொண்டது நிஜம். பெரிய உதாரணம் ஜூனியர் ஜான்சன். 1956-இல் அப்பாவின் சாராய அடுப்பருகே பிடிபட்டுச் சிறைக்குப் போனார். வெளியே வந்து ஓட்டி மொத்தம் 50 வெற்றிகள் பெற்றார். 1986-இல் அதிபர் ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

1949-இல் சார்லட்டில் நடந்த முதல் பந்தயத்திலேயே இந்த வாடை அடித்தது. முதலில் வந்தவர் கிளென் டனவே. சோதித்தபோது பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கைப் பாரம் தாங்கும்படி மாற்றியிருந்தது தெரிந்தது. சாராய வண்டிக்காரர்கள் செய்யும் வேலை அது. வெற்றியைப் பறித்து இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பருக்குக் கொடுத்தார்கள். மாமா நாமக்கல்லில் 30 வருஷத்துக்கு மேல் லாரிப் பட்டறை நடத்தியவர். "பட்டை ஏத்துனதுக்கா?" என்றார், அவரையே குற்றம் சொன்ன மாதிரி.

இத்தனை மைதானம் இருக்க, ஏன் மார்ட்டின்ஸ்வில்?

எங்களுக்கு அது பக்கம், அதுதான் முதல் காரணம். நாங்கள் இருப்பது வட கரோலினாவில், ராலேக்கு அருகே உள்ள கேரி. அங்கிருந்து கிரீன்ஸ்பரோ போய் வடக்கே திரும்பினால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும்.

இரண்டாவது காரணம் அதன் வயது. 1949-இன் முதல் சீசனில் இருந்து இன்று வரை முதன்மைத் தொடரில் இடம்பெற்றுவரும் மைதானம் இது ஒன்றுதான். கிளே எர்ல்ஸ் என்பவர் 1947-இல் கட்டினார். முதல் பந்தயம் நடந்த அந்த செப்டம்பரில் 750 இருக்கைகள்தான் தயார், வந்ததோ 6,000 பேருக்கு மேல். அப்போது மண் தடம். சர்ச்சில் இருந்து நேராக நல்ல உடுப்போடு வந்தவர்கள் செம்மண் பூசிக்கொண்டு வீடு திரும்பினார்களாம். 1955-இல் தார் போட்டார்கள். இப்போது நேர்ப்பாதையில் தார், வளைவுகளில் கான்கிரீட்.

ஒரு சுற்று 0.526 மைல், அதாவது ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. பேப்பர் கிளிப் வடிவம்: இரண்டு நீண்ட நேர்ப்பாதைகள், இரு முனையிலும் ஊசி வளைவுகள். வளைவின் சாய்வு 12 டிகிரிதான். டென்னசியில் உள்ள பிரிஸ்டல் மைதானத்தில் இதைப் போல் இரண்டு மடங்கு சாய்வு இருக்கும், அங்கே கார்கள் கிண்ணத்தில் உருளும் கோலி மாதிரி ஓடும். மார்ட்டின்ஸ்வில்லில் அந்த உதவி கிடையாது, பிரேக்கை மிதித்தே ஆக வேண்டும். பின் நேர்ப்பாதைக்கு அந்தப் பக்கம் ரயில் பாதை. பந்தயத்துக்கு நடுவே ஒரு சரக்கு ரயில் அவசரமே இல்லாமல் போனது.

செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வருவதை 500 சுற்று உட்கார்ந்து பார்க்க முடியுமா?

என் மனைவி கேட்ட கேள்வி, அவர் வார்த்தையிலேயே போட்டிருக்கிறேன். அவர் வரவில்லை, அதுவும் நியாயமான முடிவுதான்.

உண்மையைச் சொன்னால் நூறாவது சுற்று வாக்கில் ஒரு தொய்வு வரும். மொத்தம் 263 மைல், எப்படியும் மூன்றரை மணி நேரம். யார் முதலில் போகிறார் என்பதை மட்டும் பார்த்தால் கொட்டாவிதான் வரும். ஆனால் 36 கார்களை ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான வளையத்தில் போட்டால் முன்னால் போகிறவன் சீக்கிரமே கடைசியில் இருப்பவனைப் பிடித்துவிடுவான். அப்புறம் அங்கே முன் பின் என்றே கிடையாது, டவுன் பஸ் ஸ்டாண்டு மாதிரி எங்கும் நெரிசல். முந்த இடம் இல்லாவிட்டால் முன்னால் இருப்பவனின் பின் பம்பரில் மெதுவாக ஒரு தட்டு. அவன் கார் அரை அடி வெளியே நகரும், இவன் உள்ளே புகுந்துவிடுவான். அது தப்பில்லை, தட்டிச் சுழல விடுவதுதான் தப்பு. இந்த இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று எனக்கு முன்வரிசையில் இருந்த இரு பெரியவர்கள் மதியம் முழுக்கச் சண்டை போட்டார்கள்.

மாமா பந்தயத்தைப் பார்க்கவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். அவர் பிரேக்கைப் பார்த்தார். சுற்றுக்கு இரண்டு முறை, 500 சுற்றுக்கு ஆயிரம் முறை முழு மிதி. வளைவுக்குள் நுழையும்போது சக்கரத்துக்குள்ளே டிஸ்க் ஆரஞ்சு நிறத்தில் கனன்று எழும், வெளியே வரும்போது அணையும். காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது அந்த வாடை வந்தது. மாமா மஃப்ளரை மூக்கிலிருந்து விலக்கிவிட்டு முகர்ந்தார். "கொல்லிமலை இறங்குற வண்டி வாடைங்க மாப்பிள்ளை" என்றார். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலை அது. அப்போதிலிருந்து அவர் பார்வை மூன்றாம், நான்காம் வளைவுகளை விட்டு நகரவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

டயர் மாற்றுவதெல்லாம் நேரில் தெரியுமா?

நன்றாகவே தெரியும். பிட் பாதை தடத்துக்கு உள்பக்கம் சுற்றி வருகிறது. ஐந்து பேர் சுவரைத் தாண்டிக் குதித்து, காரின் வலப்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி இரண்டு டயர், ஓடி வந்து இடப்பக்கம் இரண்டு டயர், இதற்கிடையே பெட்ரோல். எல்லாம் 10, 11 விநாடியில் முடிந்துவிடும். முன்பெல்லாம் சக்கரத்துக்கு ஐந்து நட்டு. 2022-இல்தான் நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு என்று மாற்றினார்கள்.

"நட்டு ஒண்ணுதானுங்களா? நம்ம லாரிக்குப் பத்து இருக்குதே. கழண்டா?"

கழன்றது. அந்த வருஷம் ஓடும்போதே சக்கரம் கழன்று தனியாக உருண்ட சம்பவங்கள் பல. அப்படி நடந்தால், அந்த வருஷ விதிப்படி, அந்த அணியின் தலைமை மெக்கானிக்குக்கும் இரண்டு ஊழியர்களுக்கும் நான்கு பந்தயங்கள் தடை. இந்தத் தண்டனை மாமாவுக்கு மிகவும் பிடித்திருந்தது.

எங்கே சீட் எடுப்பது?

எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது. கிரிக்கெட், கச்சேரி பழக்கத்தில் முன்வரிசைக்குக் காசு கொட்டாதீர்கள். கீழ் வரிசைகளில் இருந்தால் எதிர்ப்பக்கம் நடப்பது பிட் பாதையில் நிற்கும் வண்டிகளுக்குப் பின்னால் மறைந்துவிடும், எதிரே வேலிக்கம்பி வேறு. இன்னொன்று, டயரில் இருந்து உதிரும் ரப்பர் துணுக்குகள் வேலியைத் தாண்டி வந்து விழும். கறுப்பாக, பிசுபிசுவென்று, தொட்டால் சூடாக இருக்கும். நாங்கள் பாதி உயரத்தில், முடிவுக்கோட்டைத் தாண்டி முதல் வளைவுப் பக்கம் இருந்தோம். அங்கிருந்து கார்கள் இடமிருந்து வலமாகப் போகும், நான்காம் வளைவு இடது கைப் பக்கம் இருக்கும். சாப்பாடு வாங்கக் கீழே இறங்கியபோது மாமாவின் தோளில் ஒரு துணுக்கு வந்து விழுந்தது. அதை எடுத்துப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

சத்தம் தாங்குமா? குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

காதுக்கு ஏதாவது போடாமல் போகவே கூடாது. பெரியவர்களுக்கே பஞ்சு பத்தாது. குழந்தைகளுக்குக் காதை முழுதாக மூடும் ஹெட்போன் மாதிரிக் காப்பு வாங்கிவிடுங்கள், மைதான வாசலில் விலை கூடுதல், வீட்டிலிருந்தே கொண்டு போவது நல்லது. மாமா குளிருக்குக் குரங்குக் குல்லா போட்டு அதன்மேல் காதுக் காப்பை மாட்டினார், அது நழுவிக்கொண்டே இருந்தது. பிறகு குல்லாவைக் கழற்றிவிட்டுக் காப்பு, அதன்மேல் மஃப்ளர் என்று வரிசையை மாற்றியதும் சரியாயிற்று.

கொடி அசைந்து 36 எஞ்சினும் ஒரே நேரத்தில் முழு மூச்சு எடுக்கும் அந்தக் கணத்தை டிவி எந்த ஸ்பீக்கர் வைத்தும் கொடுக்காது. சத்தம் காதுக்குள் வருவதற்கு முன் நெஞ்செலும்புக்குள் வந்துவிடும். கோயில் வாசலில் செண்டை மேளத்தை ஒட்டி நின்றிருக்கிறீர்களா? ஏறத்தாழ அது, ஆனால் மூன்றரை மணி நேரம்.

ஸ்கேனர் என்று ஒன்று சொல்கிறார்களே, வேண்டுமா?

ஓட்டுநரும் அணியும் ரேடியோவில் பேசுவதை நாமும் கேட்கலாம். வாடகைக்குக் கிடைக்கும், காதுக் காப்போடு சேர்ந்தே வரும். யார் எண்ணைப் போடுகிறோமோ அவர் பேச்சு காதில் விழும். மைதானத்தின் உச்சியில் நிற்கும் ஸ்பாட்டர், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் பின்னால் நின்று "வரலாம் வரலாம்" என்பது மாதிரிதான், 150 கிலோமீட்டர் வேகத்தில். நல்ல அனுபவம், கட்டாயம் ஒரு தடவை எடுங்கள். எனக்கு அன்று அதனால் ஒரு நஷ்டமும் வந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

சாப்பாடு?

மற்ற ஸ்டேடியங்களைப் போல் இல்லாமல், நாஸ்கார் மைதானங்களில் பெரும்பாலும் வீட்டுச் சாப்பாட்டை உள்ளே கொண்டு போக விடுவார்கள். துணிப் பை கூலர் இருக்கலாம், கண்ணாடிப் பாட்டில் கூடாது. பையின் அளவுக்கு வரம்பு உண்டு, போகும் முன் மைதானத்தின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். நாங்கள் புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், தீபாவளிக்குச் சுட்டதில் மிஞ்சிய முறுக்கு, அதிரசம் எடுத்துப் போனோம். முன்வரிசைப் பெரியவர் ஒரு முறுக்கு வாங்கி உடைத்துப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு கேட்டார்.

ஆனால் மார்ட்டின்ஸ்வில் என்றாலே அங்கத்திய ஹாட் டாக். நிறம் மனசுக்குக் கொஞ்சம் பயம் தரும் அளவு ரோஸ். மேலே கறிக்குழம்பு மாதிரி ஒன்று, முட்டைக்கோஸ், வெங்காயம், கடுகு விழுது, எல்லாவற்றையும் மெழுகுத்தாளில் சுற்றித் தருவார்கள். 2022-இல் இரண்டே டாலர். 2015-இல் ஹாட் டாக் கம்பெனியை மாற்றியபோது ரசிகர்கள் போட்ட கூச்சலில் பழையதையே திரும்பக் கொண்டுவந்தார்கள். நான் இரண்டு சாப்பிட்டேன். என்ன இறைச்சி என்று பார்த்துச் சாப்பிடுகிறவர்கள் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

நம்மைப் போன்றவர்கள் அங்கே போனால் எப்படிப் பார்ப்பார்கள்?

இதைப் பலரும் தனியாக, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. இந்த விளையாட்டின் பழைய கணக்கு அவ்வளவு சுத்தம் இல்லை. பக்கத்து ஊரான டான்வில்லைச் சேர்ந்த வெண்டெல் ஸ்காட் என்ற கறுப்பின ஓட்டுநர் 1963 டிசம்பரில் ஜாக்சன்வில் பந்தயத்தில் வென்றார். கொடி அவருக்கு விழவில்லை, வேறொருவரை வெற்றியாளர் என்று அறிவித்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு, எண்ணியதில் பிழை என்று சொல்லி வெற்றியை அவர் பெயரில் எழுதினார்கள். முதன்மைத் தொடரில் அடுத்த கறுப்பினர் வெற்றி 2021-இல், டல்லடேகாவில் பப்பா வாலஸ் வாங்கியது. நடுவில் 58 வருஷம். மைதானங்களில் கூட்டமைப்புக் கொடிக்கு (உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்காகப் பிரிந்து போன தென் மாநிலங்களின் கொடி) தடை வந்ததே 2020 ஜூன் 10-இல்தான். அன்று இரவு பந்தயம் நடந்த இடம் இதே மார்ட்டின்ஸ்வில்.

என் அனுபவத்தை மட்டும் சொன்னால்: ஆயிரக்கணக்கான பேரில் எங்களைப் போன்ற முகங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். சிலர் ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார்கள். கார் நிறுத்திய புல்வெளியில் (பார்க்கிங் இலவசம்) ஒரு பிக்கப்காரரின் கொடி எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே, முதல்முறையா என்று கேட்டவர்கள்தான் அதிகம். ஆம் என்றால் போச்சு, அடுத்த அரை மணி நேரம் பாடம் எடுப்பார்கள். முன்வரிசைப் பெரியவர் அந்த ஊர் ஃபர்னிச்சர் ஆலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆலை மூடிவிட்டது. மாமா லாரிக்குக் கேபின் கட்டும் பட்டறைக்காரர் என்று நான் சொன்னதும் இருவரும் என்னை நடுவில் மொழிபெயர்ப்பாளராக வைத்து மரம், ஆணி, வார்னிஷ் என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். அப்படி ஒரு 40 சுற்று போயிற்று.

நம் ஊர்க்காரர் யாராவது அங்கே ஓட்டியிருக்கிறார்களா?

ஓட்டியிருக்கிறார். கோயம்புத்தூரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன். 2005-இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் 2010-இல் நாஸ்காரின் டிரக் தொடரில் (பிக்கப் வண்டிகள் ஓடும் பந்தயம்) ஓட்டியது பலருக்குத் தெரியாது. முதல் பந்தயம் மார்ச் 27 அன்று, இதே மார்ட்டின்ஸ்வில்லில். 13-ஆவதாக வந்தார். முதல்முறை ஸ்டாக் வண்டி, முதல்முறை இந்தக் குறுகிய தடம் என்றால் அது சாதாரணம் இல்லை. அந்த வருஷம் ரசிகர்கள் வாக்களித்து டிரக் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருதும் அவருக்கே போனது. மொத்த இந்தியாவும் இணையத்தில் வாக்களித்தால் வேறு யாருக்குப் போகும்!

சரி, கடைசிச் சுற்று. சாஸ்டெயின் சுவரில் போனதை நேரில் பார்த்தீர்களா?

இதற்குத்தான் எல்லோரும் வருகிறீர்கள். இல்லை. அங்கே இருந்தேன், பார்க்கவில்லை.

நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷக் கோப்பைக்கு அடுத்த வாரம் ஃபீனிக்ஸில் நால்வர் மோத வேண்டும். அந்த நால்வர் யார் என்பதற்குக் கடைசித் தேர்வு இந்தப் பந்தயம். ஜோயி லொகானோவுக்கு இடம் உறுதியாகியிருந்தது. கிறிஸ்டோபர் பெல்லுக்குப் புள்ளிகள் போதாது, ஜெயித்தால் மட்டும்தான் வழி. கடைசிச் சில சுற்றுகளில் பெல், சேஸ் பிரிஸ்கோவைத் தாண்டி முன்னால் வந்துவிட்டார். மைதானமே எழுந்து நின்றது. என் ஸ்கேனரில் பெல்லின் எண்தான் இருந்தது. அவர் அணி கத்துகிறது, நானும் கத்துகிறேன். வெள்ளைக்கொடி. கடைசிச் சுற்று. பெல் கோட்டைத் தாண்டினார், என் கண் அவரோடு வலப்பக்கம் முதல் வளைவுக்குப் போய்விட்டது.

அந்த நேரம் இடப்பக்கத்தில், 10-ஆவது இடத்தில் வந்துகொண்டிருந்த சாஸ்டெயினுக்கு இன்னும் இரண்டு இடங்கள் வேண்டும். கிடைக்காவிட்டால் டென்னி ஹாம்லின் உள்ளே, இவர் வெளியே. எல்லோரும் பிரேக் மிதிக்கும் மூன்றாம் வளைவில் இவர் ஐந்தாம் கியர் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தரையோடு அழுத்தி, காரை வெளிச் சுவரில் சாய்த்துவிட்டு ஸ்டீயரிங்கை விட்டுவிட்டார். சுவர் காரைத் திருப்பிக்கொண்டு வந்து விட்டது. மற்றவர்கள் உள்ளே ஊர்ந்துகொண்டிருக்க, இவர் சுவரை உரசிக்கொண்டே ஐந்து பேரைத் தாண்டினார், கோட்டுக்குப் பக்கத்தில் கடைசியாகத் தாண்டியது ஹாம்லினை. அந்தச் சுற்றின் நேரம் 18.845 விநாடி. தகுதிச் சுற்றில்கூட எந்த ஸ்டாக் காரும் அங்கே அவ்வளவு வேகமாகச் சுற்றியதில்லை.

மேலே சொன்ன பத்தி முழுக்க நான் பிறகு வீடியோவில் பார்த்தது. நேரில் எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: ஹெட்செட்டையும் மீறி, பெரிய தகர ஷட்டரைச் சிமெண்ட் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். யாரோ மோதிவிட்டார்கள் என்று நினைத்தேன். மாமா என் தோளைப் பிடித்து உலுக்கினார். திரும்பினேன். வலப்பக்கமெல்லாம் நசுங்கிய ஒரு கார் புகையோடு என் முன்னால் போய்க்கொண்டிருந்தது, அதன் எண் 1. நான்காம் வளைவுச் சுவருக்கு மேலே தூசி. அவ்வளவுதான்.

ஹெட்செட்டைக் கழற்றினேன். "என்ன மாமா ஆச்சு?"

"அந்த ஒண்ணாம் நம்பர் வண்டிக்காரன் பிரேக்கே புடிக்கலீங்க" என்றார். "சுவத்துல வெச்சு அழுத்திட்டான். பிரேக்கு போயிருச்சுன்னுதான் நான் நெனைச்சேன். போகலீங்க, வேணும்னே செஞ்சிருக்கான்."

முன்வரிசைப் பெரியவரும் என் கட்சிதான், பெல்லைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சுற்றிலும் பாதிப் பேர் மற்றவர்களிடம் என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். போனில் வீடியோ வந்த பிறகுதான் இரண்டாவது கூச்சல் கிளம்பியது. அது பெல் ஜெயித்ததற்குக் கிளம்பியதைவிடப் பெரிசு. யார் முதலில் போகிறார் என்பதே தெரியாமல் மதியம் முழுக்க அந்த வளைவில் யார் எங்கே பிரேக் பிடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்த என் மாமனார், எங்கள் வரிசையிலேயே அதை முழுதாகப் பார்த்த சிலரில் ஒருவர்.

அது எப்படி அவருக்குத் தோன்றியதாம்?

சின்ன வயதில் தம்பியோடு விளையாடிய வீடியோ கேமில் அப்படிச் செய்வாராம். பேட்டியில் அவரே சொன்னார். சாஸ்டெயின் குடும்பம் ஃபுளோரிடாவில் தலைமுறை தலைமுறையாகத் தர்ப்பூசணி விவசாயம் செய்வது. ஜெயித்தால் கார் மேல் ஏறி நின்று ஒரு தர்ப்பூசணியைத் தரையில் போட்டு உடைப்பார், நாம் பூசணிக்காய் உடைப்பது மாதிரி. அதனால் அந்த ஓட்டத்துக்கு 'ஹெயில் மெலன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அமெரிக்கக் கால்பந்தில் கடைசி நொடியில் கண்ணை மூடிக்கொண்டு எறியும் பந்துக்கு 'ஹெயில் மேரி' என்று பெயர், அதிலிருந்து வந்த சிலேடை.

முதலில் ஐந்தாவது என்று அறிவித்தார்கள். நான்காவதாக வந்த பிராட் கெசலவ்ஸ்கியின் கார் எடை குறைந்திருந்ததால் தகுதி நீக்கம் ஆனது, இவர் நான்காவது ஆனார். கோப்பை கிடைக்கவில்லை. அடுத்த வாரம் ஃபீனிக்ஸில் லொகானோ ஜெயித்துவிட்டார்.

இப்போதும் அப்படிச் செய்யலாமா?

முடியாது. இருக்கிற பாதுகாப்பு விதியின்கீழ் இனி தண்டனை உண்டு என்று 2023 ஜனவரியில் அறிவித்துவிட்டார்கள். சக ஓட்டுநர்கள் பலர் அதைத்தான் கேட்டார்கள். எல்லோரும் கடைசிச் சுற்றில் சுவரில் ஏறினால் வேலிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்கள் கதி என்ன? 2001-இல் டேடோனா பந்தயத்தில் டேல் எர்ன்ஹார்ட் என்ற ஓட்டுநர் இறந்த பிறகு கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கி, சுவர்களில் அதிர்ச்சி தாங்கும் தடுப்பு வைத்து, அதன்பின் முதன்மைத் தொடரின் பந்தயம் எதிலும் ஓட்டுநர் ஒருவர்கூட இறக்காமல் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள்.

இதில் ஒரு வேடிக்கை. 2024 நவம்பரில் இதே மைதானம், இதே வளைவுகள், அதேபோல் கடைசிச் சுற்று. ஒரு இடத்துக்காகச் சுவரில் உரசிக்கொண்டு வந்தவர் கிறிஸ்டோபர் பெல். தண்டனை விழுந்து, இறுதிக்குப் போகும் வாய்ப்பை வில்லியம் பைரனிடம் இழந்தார். அன்று டிவியில் பார்த்தேன், ஒன்றும் தவறவில்லை.

ஜெயித்தால் கடிகாரம் தருவார்கள் என்பது நிஜமா?

நிஜம். 1964-இல் இருந்து மார்ட்டின்ஸ்வில் வெற்றிக்குக் கோப்பை கிடையாது, ஆளைவிட உயரமான ஊசல் கடிகாரம்தான். உள்ளூர் ரிட்ஜ்வே கம்பெனியின் கடிகாரம் என்று தொடங்கியது. ரிச்சர்ட் பெட்டி வீட்டில் அப்படி 12 கடிகாரங்கள் உண்டாம். ஜெஃப் கார்டனும் ஜிம்மி ஜான்சனும் ஆளுக்கு ஒன்பது முறை ஜெயித்தவர்கள். எல்லாம் ஒரே நேரத்தில் மணி அடித்தால் தூங்குவது எப்படி என்று தெரியவில்லை. "கல்யாணத்துக்கு மொய்யா வர்ற கடிகாரமாட்டம் இருக்குது" என்றார் மாமா. அவர் பெண்ணின் கல்யாணத்துக்கு எங்களுக்கு ஏழு வந்தது.

திரும்பி வருவது சிரமமா?

சிரமம். புல்வெளியில் இருந்து மெயின் ரோட்டுக்கு வரவே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவசரப்படாமல் மிச்சச் சாப்பாட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காருங்கள், பக்கத்துக் காரர்களும் அடுப்பு பற்ற வைத்து அதைத்தான் செய்வார்கள்.

டிவியிலேயே பார்த்திருந்தால் எல்லாம் தெளிவாகத் தெரிந்திருக்குமே?

தெரிந்திருக்கும். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து 20 தடவையாவது போட்டுப் பார்த்தேன். மாமா இரண்டாவது தடவைக்கு மேல் பார்க்கவில்லை. அதற்குப் பதில் வாட்ஸ்அப்பில் அத்தையைக் கூப்பிட்டு, ஒரு கை சுவர், ஒரு கை கார் என்று வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். போன் எங்கே போயிற்று என்று தெரியாமல் அத்தை "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு தடவை ஊருக்குப் போனபோது பட்டறைக்குப் போனேன். இப்போது மச்சான்தான் பார்த்துக்கொள்கிறார், மாமா காலையில் வந்து உட்காருவதோடு சரி. மேஜை டிராயரில் பழைய மூக்குப்பொடி டப்பா ஒன்று. டீ குடிக்க வந்த ஒரு லாரி டிரைவரிடம் அதைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அந்த ரப்பர் துணுக்கு, கைக்குட்டை நூல் ஒன்று ஒட்டியபடி.

"அமெரிக்காவுல சுவத்துல ஓடுன வண்டியோட டயருங்க இது" என்றார்.

36 கார்களில் அது எதனுடையதோ, யாருக்குத் தெரியும்! அது விழுந்தபோது பந்தயம் பாதிகூட முடியவில்லை. நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.